அக்கரை இல்லறத்தார்

வள்ளுவர் விருந்தோம்பலையும் ஒப்புரவறிதலையும் ஈகையையும் துறவறவியலில் வைத்தாரல்லர், இல்லறவியலிலேயே வைத்தார். மனைவியும் மக்களும் உடைய, நாளைய அரிசிக்கு இன்றே கணக்குப் பார்க்க வேண்டிய ஒருவனிடமே இவ்வறங்களை ஒப்படைத்தார். இவ்வைப்புமுறையின் நுட்பத்தை எண்ணும்போதெல்லாம், எங்கள் மன்னார்க் கடலின் மறுகரையில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் என் நினைவில் எழுகின்றார். அவர் இராமேசுவரத்து ஜைனுலாப்தீன் மரைக்காயர்.

அக்கரையாரைப் பற்றி மன்னாரான் எழுதுவதேன் என்று வாசகர் வினவலாம். எங்கள் தீவின் நிலம் தலைமன்னாரில் முடிகிறது. அதற்கப்பால் ஆதாம் பாலத்து மணற்றிட்டுகள்; அப்பால் தனுக்கோடி; அடுத்தது இராமேசுவரம். 1914ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டுப் புயல் வரை, தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே, ஏறத்தாழ 35 கிலோமீட்டர்க் கடலில், புகையிரதத்தோடு இணைந்த கப்பல் ஓடியது. போட் மெயில் என்று இரு கரையாரும் அதனை அழைத்தனர். அந்த அரை நூற்றாண்டில் எங்களுக்கு இராமேசுவரம் அயல்நாடன்று, அடுத்த ஊர்.

மரைக்காயரின் முன்னோர் செல்வர்கள். இலங்கையோடு வணிகம் செய்தும், யாத்திரிகர்களைப் படகில் ஏற்றியும் பொருளீட்டியவர்கள். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. எங்களுக்குப் போட் மெயிலைத் தந்த அப்பாலமே அக்குடும்பத்தின் படகுத் தொழிலைச் சாய்த்தது. எனவே மரைக்காயர் கைக்கு வந்தவை பள்ளிவாசல் தெருவில் ஒரு பழைய வீடும், ஊரார் மதிப்புமேயன்றி வேறு பெருஞ்செல்வமில்லை.

அவர் அப்துல் கலாமின் தந்தை என்பது உலகறிந்த செய்தி. 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 15இல் பிறந்த அம்மைந்தர், 1999இல் வெளிவந்த தம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் தந்தையின் வாழ்வைக் காட்டியிருக்கின்றார். மகன் குடியரசுத் தலைவரானது 2002இல். தந்தை மறைந்ததோ 1976இல். ஆகவே அந்நூலில் நாம் காண்பவர் புகழ்பெற்றவரின் தந்தையல்லர்; பெரிய குடும்பத்தைத் தாங்கிய எளிய மனிதரே.

விடியுமுன் நான்கு மணிக்கு எழுவார், தொழுவார். பின்னர் நான்கு மைல் தொலைவிலிருந்த சிறு தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளிற் சுமந்து திரும்புவார். அதன் பின்னரே காலையுணவு. அறுபது வயதைக் கடந்த பின்னும் இவ்வழக்கம் நின்றதில்லை. யாத்திரிகர்களைத் தனுக்கோடிக்கு ஏற்றிச் செல்ல மரப்படகு ஒன்றைக் கட்டினார். ஒரு புயல் அதனைக் கொண்டுபோயிற்று.

இத்தகைய வருவாயுடைய வீட்டில் நாள்தோறும் உண்டவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. குடும்பத்தாரைவிட வெளியார் தொகையே மிகுதி என்று மகன் எழுதுகின்றார். ஆங்கு ஒன்றை நாம் மறத்தலாகாது. விருந்தினரை அழைப்பவர் இல்லத்தலைவர். உலையில் அரிசியை அளந்து போடுபவர் இல்லத்தலைவி. ஆஷியம்மாளின் கை சுருங்கியிருப்பின் மரைக்காயரின் ஈகை வாசற்படியோடு நின்றிருக்கும். போர்க்காலப் பங்கீட்டு நாளில், தமக்குரிய ரொட்டியையும் இளைய மகனுக்கு இட்டுவிட்டு அவ்வம்மையார் பசித்திருந்த வரலாறும் உண்டு. கொடையைப் பாடுவோர் அதன் விலையைச் செலுத்தியவரையும் பாடுதல் வேண்டும்.

பொருளால் மட்டுமா அவர் ஈந்தார்? பள்ளிவாசலில் தொழுகை முடித்து வெளிவருகையில், பல சமயத்தாரும் கிண்ணங்களில் நீரேந்திக் காத்திருப்பர். விரல் நுனியை அதில் தோய்த்து இறைவனை வேண்டிக்கொடுப்பார். நோயாளர் குணமுற்றபின் நன்றிகூற வருவோரிடம், அந்நன்றியை அல்லாவுக்குச் செலுத்துமாறு கூறிவிடுவார். இராமநாதசுவாமி கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி இலட்சுமண சாஸ்திரிகள் அவருடைய உற்ற நண்பர். சீதாராமர் திருக்கல்யாணத்தின்போது இராமதீர்த்தத்தின் நடுவிலுள்ள மண்டபத்துக்குத் திருவுருவங்களைக் கொண்டுசெல்ல மேடையமைத்த படகுகளை ஏற்பாடு செய்தவர்கள் மரைக்காயர் குடும்பத்தாரே. தம் மார்க்கத்தில் அணுவளவும் பிறழாதவர். பிறர் மார்க்கத்துக்குப் படகு தந்தவர்.

இவ்வீட்டின் பண்பு பிள்ளைகளிடமும் ஊறியது. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் மகன் சேர ஆயிரம் ரூபாயளவு தேவைப்பட்டபோது தந்தையால் அதனைத் தர இயலவில்லை. மகள் சொஹரா தம் பொன்வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தந்தையின் கை வறண்ட இடத்திலும் அவர் வளர்த்த உள்ளம் வறளவில்லை. பிற்காலத்தில் நோயுற்றிருந்த தந்தையிடம் மகன் மருத்துவரை அழைத்துச் சென்றால், நீ வந்ததே போதுமே, இந்தச் செலவு எதற்கு என்று கடிந்துகொள்வாராம். ஊரார்க்கு வரையாது வழங்கியவர் தமக்கென வரும்போது கருமியாகிவிட்டார்! 102 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார்.

இவ்வரலாற்றை நான் வெறும் பெருமிதத்தோடு படிக்க இயலாது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், விடுதலைப் புலிகளின் ஆணையால் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். எங்கள் தீவின் எருக்கலம்பிட்டியாரும் தாராபுரத்தாரும் தம் வீடுகளை விட்டுக் கடல்வழியே புத்தளப் பகுதிக்குச் சென்றனர். தலைமுறை தலைமுறையாக ஒரே கடலில் தொழில் செய்து, ஒரே தமிழைப் பேசியவர்கள் நாம். ஆயினும் அயலாரின் வீடு பூட்டப்பட்டபோது தடுக்கும் வலிமை எங்களிடம் இருக்கவில்லை. சிலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை.

போரில் அழிந்த புகையிரதப்பாதை 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் தலைமன்னார் இறங்குதுறை வரை மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அக்கரையில் அப்துல் கலாமின் உடல் அடக்கம் செய்யப்பட்டது. தண்டவாளத்தை அரசாங்கங்கள் மீண்டும் இட்டுவிடலாம். அயலாரின் நம்பிக்கையை எந்த அரசாங்கம் இட்டுத்தரும்? அதனை அடுக்களையில் ஒரு பிடி அரிசி கூட்டிப்போடுவோரே மீட்க முடியும். தோளில் தேங்காய் சுமந்து நடந்த அப்பெரியவர் சமய ஒற்றுமை பற்றி மேடையில் முழங்கியவரல்லர். தம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தார், அவ்வளவே. மாணவர்க்கு அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் அந்தக் கதவிலிருந்தே தொடங்கலாம்.