நெய்ததும் தைத்ததும்

பொத்துவில் கடைகளில் ஆடை ஓரத்து அலங்காரம் எதுவாயினும் "லேஸ்" என்றே வழங்கக் கேட்கிறேன். சுங்கத்தார்க்கு இஃது பொதுப்பெயரன்று. 1988இல் நடைமுறைக்கு வந்ததும் இலங்கையும் பின்பற்றுவதுமாகிய அனைத்துலகப் பண்டவகுப்பில் அச்சொல் 58.04 என்னும் தலைப்பைச் சுட்டும். பூவேலையில்லாத பின்னல்நாடாவும் குஞ்சமும் 58.08. மாணவர் சட்டையிற் பொருத்தும் துணிச்சின்னம் நெசவிலேயே அமைந்ததெனின் 58.07, துணிமேல் நூலாற் பூவேலை செய்யப்பட்டதெனின் 58.10. மணியும் சமிக்கியும் தைத்தாலும் பூவேலையே என்று குறிப்பொன்று கூறுகின்றது. சேனாவரையர் கண்டால் மகிழ்ந்திருப்பார்!

வகுப்பு மாறின் வரியும் மாறலாம். பட்டினப்பாலைச் சுங்கத்தார் பொதிமேற் புலி பொறித்தனர், இன்று எண். நெய்தல், பின்னுதல், தைத்தல் என வினைதோறும் வேறு சொல் நம்மிடம் உண்டு. இறக்குமதிப் பத்திரம் நிரப்புமுன் நம் வணிகர் சின்னத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பூவேலையாயின் பின்புறத்தே தையல்நூல் பெரும்பாலும் தெரியும்.