சிறு புண்ணும் பெருங்கவனமும்

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்வோருக்குக் காலில் காயம் படுவது புதிதன்று. செம்பனை முள் குத்தும். ரப்பர் காலணி உராய்ந்து குதிகாலில் கொப்புளம் எழும். நலமாக உள்ளவருக்கு இத்தகைய காயம் சில நாள்களில் ஆறிவிடும். இனிப்புநீர் என்று நாம் கூறும் நீரிழிவு நோய் உள்ளவருக்கோ, அதே காயம் வாரக்கணக்கில் ஆறாமல் இருக்கலாம்.

2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மாநிலங்களுள் நெகிரி செம்பிலானே 33.2 விழுக்காட்டுடன் முதலிடம் வகித்தது. இந்தியர்களிடையே இவ்விகிதம் 31.4 விழுக்காடாக இருந்தது. எனவே, இது நம் வீட்டைத் தொடும் செய்தி.

புண் ஆறத் தாமதமாவதற்கு மூன்று முக்கியக் காரணங்கள் உள்ளன. முதலாவதாக, இரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. அதனால், புண்ணை ஆற்றத் தேவையான உயிர்வளியும் சத்தும் பாதத்திற்குப் போதுமான அளவு சென்று சேர்வதில்லை. இரண்டாவதாக, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் திறன் குறைகிறது. மூன்றாவதாக, பாதத்தின் நரம்புகள் உணர்வை இழக்கின்றன. முள் குத்தினாலும் வலி தெரியாது. வலி இல்லாததால், ‘ஒன்றுமில்லை’ என எண்ணி அதே காலை ஊன்றி நடப்பர், புண் ஆழமாகும். இறுதியில் விரலையோ காலையோ அகற்ற நேரிடலாம்.

இந்நிலையைப் பெரும்பாலும் தவிர்க்க முடியும். இரத்தத்தில் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பதே முதன்மையான வழி. மருந்தைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும். புகைப்பதை விட வேண்டும். நாள்தோறும் பாதங்களைப் பார்வையிட வேண்டும். அடிப்பாதத்தைக் காண ஒரு கண்ணாடி போதும். காலணியை அணியுமுன் கல்லோ முள்ளோ உள்ளதா எனத் தட்டிப் பார்க்க வேண்டும். வெறுங்காலுடன் நடக்கக் கூடாது.

காயம் பட்டால் சுத்தமான நீரால் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, தூய துணியால் மூட வேண்டும். காப்பித்தூள், மஞ்சள், புகையிலை போன்றவற்றைப் புண்ணில் அப்புவது கிருமித் தொற்றுக்கு வழிவகுக்கும். அந்தக் காலுக்கு ஓய்வு தந்து, விரைவில் சுகாதார மருந்தகத்தை நாட வேண்டும். வீக்கம், துர்நாற்றம், கருமை, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கண்பார்வை மங்கிய தாத்தாவால் தம் பாதத்தைத் தாமே பார்க்க இயலாது. அவருக்காக நாம் பார்க்கலாம். அதற்கு நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் அவருடைய காலைக் காக்கக் கூடும்.