நின்றால் உதறும் எஞ்சின்

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில், பருத்திப்பட்டைக் கடக்கும் வாகனங்கள் காலை நெரிசலில் ஊர்ந்தும் நின்றும் செல்ல நேரிடுவதால், கார் எஞ்சினின் ஒரு குறை அங்கே ஒளிவுமறைவின்றி வெளிப்பட்டுவிடுகிறது. ஓட்டத்தில் ஒழுங்காயிருந்த வண்டி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், ஸ்டியரிங்கும் பக்கக் கண்ணாடியும் அதிரும்படி உதறத் தொடங்குகிறது. மெக்கானிக்குகள் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். பாடியிலும், 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடியிலும், நடுவே அம்பத்தூர் தொழிற்பேட்டையுமாக, யந்திர ஞானம் தலைமுறைகளாக வேரூன்றிய இப்பிரதேசத்திலும்கூட, இந்த உதறலுக்குப் பிளக், காயில், இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் இருப்பது வருந்தத்தக்கது. காரணத்தை நிச்சயித்த பிறகே பாகத்தில் கைவைக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்கு வேண்டிய பரீட்சைகளில் பெரும்பாலானவை செலவில்லாதவை.

நிற்கும்போது மட்டும் ஏன் உதற வேண்டும்? வண்டி ஐடிலிங்கில் இருக்கையில் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 800 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே எரிபொருள் எரிவதால், மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டியில் நிமிஷத்துக்கு 1,200 முறை எரிதல் நிகழ்கிறது. ஒரு சிலிண்டர் சோர்ந்தால் அதில் 400 போய்விடுகிறது. வேகத்தில் ஓரளவு மறைந்துவிடும் இந்த நஷ்டம், மெதுவான சுழற்சியில் ஒவ்வொரு தடவையும் உடலுக்குத் தெரிகிறது. காற்றின் விஷயமோ இதைவிட நுட்பமானது. பெட்ரோல் ஒரு கிராமுக்குக் காற்று 14.7 கிராம் என்பது பூரண எரிதலுக்குரிய விகிதம். த்ராட்டில் ஏறக்குறைய மூடிக்கிடக்கும் ஐடிலிங்கில் எஞ்சின் உறிஞ்சும் காற்று மிக அற்பமாகையால், வெடித்த ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக, காற்றை அளக்கும் சென்சாருக்குத் தெரியாமல் புகும் சிறு கசிவுகூட அந்த விகிதத்தைக் குலைத்துவிடும். வேகத்தில் பெருங்காற்று பாயும்போது அதே கசிவு பொருட்படுத்தத் தகாததாகிவிடும். ஆகவே, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் உதறல் நின்றுவிட்டால் காற்றுக் கசிவின் மீதும், ஏற்றத்தில் இழுக்கும்போதும் தொடர்ந்தால் பிளக்கின் தீப்பொறியின் மீதோ பெட்ரோலின் மீதோ சந்தேகம் கொள்வது நியாயம்.

எஞ்சின் கம்ப்யூட்டரின் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் ‘பி0302’ என்ற குறியீட்டைக் காட்டக்கூடும். இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதே அதன் பொருள். ஏன் எரியவில்லை என்பதை அது சொல்லாது. இந்த இடத்தில்தான் அவசரம் பணத்தை விழுங்குகிறது. இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் பொருத்தி, மூன்றாவதினுடையதை இங்கே வைத்து, பழைய குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு ‘பி0303’ ஆக மாறினால் குற்றவாளி காயில், மாறாவிட்டால் காயில் நிரபராதி. அடுத்து, அதே முறையில் பிளக்கையும் இடம் மாற்றலாம். கழற்றிய பிளக்கைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது ஒரு தனிக் கல்வி: முனை இளம்பழுப்பாயிருந்தால் ஆரோக்கியம், உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவோ அதிக வெப்பமோ, எண்ணெய்ப் பசையானால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையின் மேற்குப் புறநகர்த் தெருக்களை வெள்ளக்காடாக்கியதை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாட்களுக்குப் பின் தோன்றும் மிஸ்ஸிங்குக்கு, பிளக் குழிக்குள் தேங்கிய நீரும் கனெக்டர்களில் படிந்த பச்சைக் களிம்புமே காரணமாக இருத்தல் கூடும். அங்கே உலர்த்தலும் சுத்தமும் போதும்.

எந்தச் சிலிண்டர் சோம்பியிருக்கிறது என்பதை ஸ்கேனர் இல்லாமலும் அறியலாம். எஞ்சின் ஓடுகையில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால், நல்ல சிலிண்டரில் உதறல் அதிகரிக்கும். கெட்டதில் யாதொரு மாறுதலும் இராது. காயிலைத் துண்டிப்பதைவிட இதுவே உத்தமம். ஏனெனில், காயிலைத் துண்டித்தால் எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதையிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னும்போது வண்டியை ஓட்டக்கூடாது என்பதும் இதனாலேயே.

கசிவைத் தேட, ஹோஸ்களை ஒவ்வொன்றாக மெதுவாக நெருக்கிப் பார்த்தல் பழைய முறை. நெருக்கியதும் எஞ்சின் சீரடைந்தால் கசிவு அந்த வழியில்தான். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் எஞ்சினின் ஓட்டம் மாறினால் பிரேக் பூஸ்டரைச் சோதிக்க வேண்டும், இதைத் தள்ளிப்போடலாகாது. த்ராட்டிலின் விளிம்பில் கரி வளையம் கட்டியிருந்தால் துடைத்தெடுத்தாலே போதும், ஆனால் சில வண்டிகளில் கம்ப்யூட்டருக்குப் புதிய ஐடிலிங் நிலையைக் கற்பிக்க வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு குறை நிலைத்தால் கம்ப்ரெஷன் பரீட்சை. அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளந்து, அழுத்தம் உயர்ந்தால் ரிங்கும், உயராவிட்டால் வால்வோ ஹெட் காஸ்கெட்டோ பழுது என்று கொள்ளலாம். எஞ்சினைப் பிரிப்பதைப் பற்றிப் பேச்செடுப்பது அப்போதுதான் தகும்.