நாற்காலி நுனியில் ஒரு 'டைப் ஏ'

நாம் 'டென்ஷன் பார்ட்டி' என்கிற ஆளை அமெரிக்கர்கள் 'டைப் ஏ' என்பார்கள். லிஃப்ட் பொத்தானை நாலு தரம் அமுக்குகிறவர். எதிரில் இருப்பவர் பேசி முடிக்குமுன்பே அவருடைய வாக்கியத்தை முடித்துவைக்கிறவர். பேச்சில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் இந்தப் பெயரை வைத்தவர்கள் சான்பிரான்சிஸ்கோவின் இரண்டு இதய மருத்துவர்கள்: மேயர் ஃப்ரீட்மேன், ரே ரோசன்மேன்.

அவர்களுடைய கிளினிக்கில் நாற்காலிகளுக்கு மெத்தை மாற்ற ஒருவர் வந்தாராம். இருக்கையின் முன்விளிம்பு மட்டும் நைந்து கிடப்பதைப் பார்த்து வியந்திருக்கிறார். நோயாளிகள் யாரும் சாய்ந்து உட்காரவே இல்லை. எந்நேரமும் எழுந்து ஓடத் தயாராக நுனியிலேயே இருந்திருக்கிறார்கள். டாக்டர்கள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில்தான் உறைத்தது. ஃப்ரீட்மேனே பரப்பிய கதை இது. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்.

1959-ல் இருவரும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஓயாத அவசரம், போட்டி, சட்டென்று மூளும் கோபம் உள்ளவர்கள் ஏ; நிதானப் பேர்வழிகள் பி. அடுத்து, கலிஃபோர்னியாவில் 39 முதல் 59 வயது வரையிலான 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் கவனித்தார்கள். ஏ வகையினருக்கு இதய நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்திருந்தது. 1974-ல் வந்த அவர்களுடைய புத்தகம் அமோகமாக விற்றது. டாக்டர்களின் வார்த்தை சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

விஞ்ஞானம் அவ்வளவு தூரம் கூட வரவில்லை. அதே ஆண்களில் இதய நோய் கண்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 1988-ல் வெளியான முடிவு தலைகீழாக இருந்தது: ஏ வகையினர்தான் அதிகம் பிழைத்திருந்தார்கள். வேறு ஆய்வுகளில் அவசரத்தின் மேல் குற்றம் நிற்கவில்லை; கோபமும் பகைமையும்தான் சந்தேகப் பட்டியலில் மிஞ்சின. சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து வந்த கதையை 2012-ல் ஒரு கட்டுரை விரிவாக வெளிக்கொணர்ந்தது. மாரடைப்புக்குக் குணம்தான் காரணம் என்றால் சிகரெட் தப்பித்துக்கொள்ளுமே!

ஆனாலும் சொல் சாகவில்லை. அதில் ஒளிந்திருக்கும் பெருமைதான் அதைக் காப்பாற்றுகிறது என்பேன். 'நான் பதற்றக்காரன்' என்று சொல்லிக்கொண்டு யாரும் வேலை கேட்கப் போவதில்லை. 'நான் கொஞ்சம் டைப் ஏ' என்றால் கதை வேறு. 'கறாரான ஆள், எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டார்' என்று கேட்பவர் காதில் விழும். அதையே மேலாளரைப் பற்றிச் சக ஊழியரிடம் முணுமுணுத்தால் வசவு. பெயரை மாற்றி இவர்களை 'பி' ஆக்கியிருந்தால் இத்தனை பேர் உரிமை கொண்டாடியிருப்பார்களா?

ஃப்ரீட்மேனும் தன்னை ஏ வகை என்றே சொல்லிக்கொண்டவர், மாரடைப்பும் வந்தது. பிறகு நோயாளிகளுக்கு அவர் கொடுத்த பயிற்சிகள் வேடிக்கையானவை: கடையில் நீளமான வரிசையாகப் பார்த்து நில்லுங்கள், சாலையில் மெதுவாகப் போகும் தடத்திலேயே வண்டியை ஓட்டுங்கள். 2001-ல் அவர் காலமானபோது வயது 90.