பூண்டு பொறுக்காது

தாளிப்பில் சில நொடி தாமதம் பானைப் பருப்பையே கெடுத்துவிடும்

வட இந்திய நெடுஞ்சாலை டாபாக்களில் 'தால் தட்கா'வின் மானத்தைக் காப்பது பூண்டு. வாங்குவதும் அதுவே. பொன்னிறத்தில் இறக்கினால் மணம். சற்றே அசந்தால் கசப்பு. உப்போ எலுமிச்சையோ அந்தக் கசப்பை மறைக்காது.

கருகுவது காசும்தான். நாட்டிலேயே அதிகமாகப் பூண்டு விளைவது மத்தியப் பிரதேசத்தில். அங்கே 2022இல் விலை சரிந்து, விவசாயிகள் மூட்டை மூட்டையாகப் பூண்டைக் கொட்டினார்கள். 2024 இறுதியிலோ பல நகரங்களில் கிலோ 400 ரூபாயைத் தொட்டது.

பூண்டுக்கு ஏன் இத்தனை அவசரம்? வெங்காயத்தில் சுமார் 89 சதவிகிதம் தண்ணீர். பூண்டில் சுமார் 60தான். சூடான எண்ணெயில் ஈரம் சீக்கிரம் வற்ற, அதிலுள்ள சர்க்கரைச் சத்து சிவந்து, பிறகு கருகுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு வதக்கச் சொல்லும் சமையல் குறிப்புகள் இதை மறந்துவிடுகின்றன. வெங்காயம் நன்றாக வதங்கிய பிறகே பூண்டின் முறை.

நறுக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. பூண்டின் திசு உடையும்போதுதான் அல்லினேஸ் என்ற நொதி வேலை செய்து, காரநெடி கொண்ட அல்லிசினை உண்டாக்குகிறது. அதனால் நசுக்கிய பூண்டுக்கு நெடி அதிகம். ஆனால் கருகுவதிலும் அதற்கே முதலிடம். சீவல் கொஞ்சம் தாங்கும். முழுப் பல் நிதானமாக வேகும். துண்டுகள் ஒரே அளவில் இல்லாவிட்டால், பெரியவை சிவப்பதற்குள் பொடிசுகள் கருகிவிடும்.

தட்காவுக்கு வழி இதுதான்: நெய் காய்ந்து சீரகம் பொரிந்ததும் தீயைக் குறைத்துப் பூண்டுச் சீவலைப் போடுங்கள். கிளறிக்கொண்டே இருங்கள். ஓரங்கள் இளம்பொன்னிறமானதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். மீதியைக் கரண்டியின் சூடே பார்த்துக்கொள்ளும். மிளகாய்த்தூளைத் தூவி, உடனே பருப்பில் கொட்டுங்கள். பருப்பின் ஈரம் பட்டதும் வறுபடுவது நின்றுவிடும்.

கை தவறிக் கருகிவிட்டதா? பூண்டை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயனில்லை. நெய்யிலும் கசப்பு இறங்கியிருக்கும். கூசாமல் கொட்டிவிட்டு மறுபடி தாளிப்பதே சிக்கனம். போவது ஒரு கரண்டி நெய்யும் நாலு பல் பூண்டும். பிழைப்பது ஒரு பானைப் பருப்பு.