பேராசிரியர்களுக்கு வைத்த பரீட்சை

மதிப்பெண் பட்டியலில் மொத்தம் 28 அம்சங்கள். முதல் பகுதியில் 15-க்கு 15 வாங்கியே ஆக வேண்டியிருந்தது. 14 எடுத்தால் தேறாது. மற்ற ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 85 சதவீதம்! பரீட்சைக்கு உட்கார்ந்தவர்களோ, கல்லூரிகளில் புவி அறிவியல் கற்பிக்கும் பேராசிரியர்கள். அவர்கள் எழுதிய பாடம் வகுப்பறைக்குள் நுழையும் முன்பே இந்த வாசலைத் தாண்டியாக வேண்டியிருந்தது. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாங்க, உள்ளே எட்டிப் பார்த்துவிடுவோம்!

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நார்த்ஃபீல்ட் என்றொரு சிற்றூர். அங்கே கார்ல்டன் கல்லூரிக்குள் இருக்கிறது, ‘செர்க்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவியல் கல்வி மையம். கேத்ரின் மண்டூகா தலைமையில் இந்த மையம் முன்னின்று நடத்திய திட்டத்தின் பெயர் ‘இன்டெக்ரேட்’. 2012-ல் தொடங்கிய அதற்கு, ஐந்து ஆண்டுகளுக்கென அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை கொடுத்த நல்கை 1 கோடி டாலர். அத்தனையும் புவி அறிவியலை நன்றாகச் சொல்லிக்கொடுப்பதற்காக!

அந்த அறக்கட்டளையிடம் பணம் வாங்குவதே ஒரு தனிக் கதை. என்ன செய்யப்போகிறோம் என்ற விளக்கத்தைப் பொதுவாக 15 பக்கங்களுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். பிறகு அதே துறைக்காரர்கள் படித்து, ‘மிகச் சிறப்பு’ முதல் ‘மோசம்’ வரை ஐந்து படிகளில் ஒன்றைக் கொடுப்பார்கள். அறிவுக்கு என்ன புதிதாகக் கிடைக்கும், சமூகத்துக்கு என்ன பயன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருந்தாக வேண்டும். விண்ணப்பித்தவரோடு நெருங்கிய தொடர்புள்ளவர் குழுவில் இருந்தால், அந்த விண்ணப்பம் பேச்சுக்கு வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். படித்தவர்களின் கருத்து, எழுதியது எழுதியபடி விண்ணப்பித்தவர் கைக்கு வரும். பெயர் மட்டும் வராது. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!

சரி, பணம் வந்துவிட்டது. இனிமேல்தான் கொண்டாட்டம். ஒரு பாடத்தொகுப்பை எழுத மூன்று ஆசிரியர்கள். மூவரும் வெவ்வேறு கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். இந்த ஒற்றை நிபந்தனைதான் திட்டத்தின் உயிர் என்பேன். பெரிய பல்கலைக்கழக அரங்கில் எடுபடும் பாடம், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் நிறைந்த சிறு கல்லூரியில் எடுபடுமா? முதல் வரி எழுதும்போதே அதைக் கேட்க ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்! இவர்களோடு ஒரு மதிப்பீட்டு ஆலோசகரும், இணையப் பக்கத்தை வடிவமைக்கும் குழுவிலிருந்து ஒருவரும் இருந்தார்கள்.

எழுதும் முறையோ தலைகீழ். பாடம் முடிந்ததும் மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தார்கள். அது தெரிந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அடுத்தது. வகுப்பில் என்ன நடக்கும் என்பது அதற்கும் பிறகுதான். நோக்கத்தை ‘மாணவர்கள் மண்ணரிப்பைப் புரிந்துகொள்வார்கள்’ என்று எழுதிவைத்தீர்கள் என்று வையுங்கள். புரிந்ததை எதைக்கொண்டு அளப்பீர்கள்? அளக்க முடிகிற மாதிரி சொன்னால்தான் மதிப்பெண்!

அந்த 15-க்கு 15 எதற்கு என்று கேட்கவில்லையே. ஐந்து கொள்கைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண். நீர், மண், காலநிலை, பேரிடர் என்று சமூகம் எதிர்கொள்ளும் பெரிய சவால் ஒன்றைப் பாடம் தொட வேண்டும். பல துறைகளைச் சேர்த்து யோசிக்க வைக்க வேண்டும். புவி அறிவியலாளர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதைப் பழக்க வேண்டும். மெய்யான, நம்பத்தகுந்த தரவை மாணவர் கையில் கொடுக்க வேண்டும். பூமியை ஒன்றோடொன்று பின்னிய அமைப்பாகக் காட்ட வேண்டும். இதில் எனக்கு நாலாவதுதான் தங்கம். முடிந்த விடையைப் படிப்பதற்கும், உண்மையான அளவீட்டு எண்களோடு மல்லுக்கட்டி விடை தேடுவதற்கும் எவ்வளவு தூரம்! அறிமுக வகுப்பில் உட்காரும் பலருக்கு வாழ்நாளில் இதுவே கடைசி அறிவியல் பாடம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பட்டுச் சேலையை வெளிச்சத்தில் விரித்து இழை இழையாகப் பார்ப்பதுபோல, நோக்கமும் செயல்பாடும் மதிப்பீடும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று மதிப்பிடுகிறவர்கள் பார்த்தார்கள். குறை இருந்தால் திரும்பவும் எழுத வேண்டியதுதான். தேறிய பாடத்தை மூன்று ஆசிரியர்களும் அவரவர் வகுப்பில் நடத்திப் பார்த்தார்கள். மாணவர்கள் எழுதியவை மதிப்பீட்டுக் குழுவுக்குப் போயின. அதை வைத்து மறுபடி திருத்தம். பிறகு அறிவியல் சரியா என்று வெளியாள் ஒருவரின் பார்வை. அதன் பின்னரே வெளியீடு.

நல்ல ஆசிரியர்கள் பாடத்தைத் திருத்திக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் இரவில், தனியாக, சம்பளமில்லாமல். அந்த வேலைக்கு நேரமும் துணையும் ஊதியமும் கொடுத்தது இந்த நல்கை. ஒரு கோடி டாலரில் எனக்கு மிகவும் பிடித்த செலவு அதுதான்.

தொகுப்புகள் அனைத்தும் இணையத்தில் இலவசம். ஒவ்வொன்றோடும் ‘ஆசிரியர் கதைகள்’ என்று ஒரு பகுதி இருக்கிறது: அதே பாடத்தை மூவரும் தங்கள் மாணவர்களுக்கு ஏற்றபடி எப்படி மாற்றி நடத்தினார்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறதென்றால், மண்வளத்தைப் பற்றிய தொகுப்பைத் திறந்து, பாடத்தை விட்டுவிட்டு இந்தக் கதைகளிலிருந்து ஆரம்பியுங்கள்!