ஐந்து சதவீதத்தில் ஒரு சம்பாஷணை

பெல்ஜியம் தேசத்துக் கலைஞர் டிரீஸ் டெபூர்ட்டரும், டேவிட் சூர்ப்ரெனன் என்ற மென்பொருள் நிபுணரும் சேர்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டை வித் மீ' என்னும் செயலி, கைபேசியின் பேட்டரியில் சார்ஜ் ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிய பின்னரே ஒருவரை உள்ளே அனுமதிக்கும் விநோதமான அரட்டை அரங்கம். ஏதேனும் ஒரு பெயரைக் கொடுத்துப் பிரவேசிக்கிறவர், முன்பின் அறியாத மனிதர்களோடு பேசலாம். அவரவர் பெயருடன் அவரவரிடம் மிஞ்சியுள்ள சதவீதமும் திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். போன் அணைந்ததும் பேச்சும் அறுந்துபோகும். முடிவின்றி நீளும் மற்ற அரட்டைகளில் காணக் கிடைக்காத ஓர் அந்நியோன்யம், எல்லாருக்கும் பொதுவான இந்த இக்கட்டினால் இங்கே சித்திக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால், இதற்காகவே பேட்டரியை வற்றவிடலாமா? முழுதும் தீர்ந்த பிறகே சார்ஜ் ஏற்றவேண்டும் என்று இன்றும் பலர் சொல்லும் உபதேசம், பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தது. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததும், அதற்கு அடிகோலிய ஆராய்ச்சிக்காகக் குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் ரசாயன நோபல் பரிசு கிடைக்கக் காரணமானதுமான லித்தியம் அயனி பேட்டரிக்கு அந்த விதி பொருந்தாது; அடிக்கடி சிறிது சிறிதாக ஏற்றுவதும், கூடியவரை 20க்கும் 80க்கும் இடையே வைத்திருப்பதுமே அதன் ஆயுளை நீட்டிக்கும்.

எனினும், எப்போதாவது ஒருநாள் அந்த அரங்கத்துக்குப் போய்வருவதால் பெரிய சேதம் நேராது. திரை பூஜ்யம் காட்டும்போதும் செல் முற்றிலும் காலியாவதில்லை; மின்னழுத்தம் அபாயகரமான அளவுக்கு இறங்குமுன் காவல் சுற்று போனை அணைத்துவிடுகிறது. அணைந்த போனை மாதக்கணக்கில் அப்படியே கிடத்திவிடுவதுதான் விபரீதம்: எஞ்சிய சக்தியும் தானாகவே கசிந்து, உள்ளேயிருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கினால், பிறகு சார்ஜ் ஏற்றும்போது உட்புறத்தில் ஷார்ட் சர்க்யூட் ஏற்படக்கூடும்.

இதனினும் கொடிய சத்துரு உஷ்ணம். வெயிலில் நிறுத்திய காரினுள்ளும், தலையணைக்கு அடியிலும், முழு சார்ஜோடு சூடேறிக் கிடக்கும் போன் வெகு விரைவில் மூப்படைகிறது. நெடுநாள் உபயோகிக்காமல் வைக்கவேண்டிய போனில் பாதியளவு சார்ஜ் ஏற்றி, அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பாதிவரை ஏற்றிவைப்பது உத்தமம்.